பச்சைக்கல் மழைக்கு

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற சாலையில் எங்கள் ஊத்துப்பட்டி இருக்கிறது. பேரில் மட்டும்தான் ஊத்து. மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை, நடுவில் நாங்கள். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் மேகம் சரக்கையெல்லாம் கொடைக்கானலில் இறக்கிவிட்டு, வெறும் காற்றை மட்டும் எங்கள் பக்கம் அனுப்பும். ஐப்பசியில் கிழக்கேயிருந்து வருவது சிறுமலை ஏறிக் களைத்துப்போய், மனமிருந்தால் எங்களை எட்டிப் பார்க்கும். இரண்டு பந்தியிலும் கடைசி இலை எங்களுக்குத்தான். இலை போட்டுத் தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருப்போம், அண்டா காலி என்று சேதி வரும்.

சித்திரை, வைகாசியில் பெய்கிற கோடை மழை இன்னொரு ரகம். பெய்தால் பேயாகப் பெய்யும், ஆனால் ஆள் பார்த்துப் பெய்யும். என் வெண்டைச் செடி வாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வரப்புக்காரன் கத்தரிக்கு முழுக்காட்டு நடக்கும். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்க்கிற பார்வையில் பக்தியைவிடச் சந்தேகம் அதிகம். மழை பெய்யாவிட்டால் நாங்கள் மேகத்தைக் கோபித்துக்கொள்ள மாட்டோம். எவன் குறுக்கே நின்று தடுத்தான் என்று தேடுவோம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஐப்பசி எங்களை ஏமாற்றிவிட்டுப் போன ஒரு வருஷம், அந்தத் தேடலில் மாட்டியவன் மூக்கையா.

மூக்கையா செங்கல் அறுக்கிறவன். எனக்கு மாப்பிள்ளை முறை. அவன் பெண்டாட்டி ராமுத்தாய் எனக்குத் தங்கச்சி முறை. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சுவரைத் தட்டினாலும் அது மூக்கையா அறுத்த கல்லாக இருக்கும். ஆனால் அவன் குடியிருந்தது மண் சுவரும் சோளத்தட்டைக் கூரையுமான ஒரு குடிசை. மழை பெய்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பானை சட்டியெல்லாம் கூரை ஒழுகுகிற இடத்துக்குப் போய்விடும். சோற்றுப் பானைக்கு நடுவீட்டில் இடம், குழம்புச் சட்டிக்குத் தலைமாட்டில், கஞ்சிக் கலயத்துக்கு வாசற்படி ஓரம். சமைக்க ஏனமே மிஞ்சாது. எங்கள் ஊரில் மழை குறைச்சல் என்பதால்தான் அவர்கள் இரண்டு பேரும் பட்டினியில் சாகாமல் இருந்தார்கள்.

ராமுத்தாய் அழுது யாரும் பார்த்ததில்லை. சாவு வீட்டில்கூடக் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாள். ஏம்மா இப்படி என்று கேட்டால், “எனக்குப் பதிலா எங்கூட்டுக் கூரை அழுகுதுண்ணே. நானும் சேந்து அழுதா ஏனத்துக்கு எங்க போறது?” என்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மூக்கையா அவளுக்கு ஒரு கல்லுக்கட்டு வீடு கட்டித் தருவதாகச் சொல்வான். ஒவ்வொரு வருஷமும் யாராவது வந்து கேட்டால் வாய் திறந்து இல்லை என்று சொல்லத் தெரியாமல் கல்லைக் கொடுத்துவிட்டு வருவான். அந்த வருஷம் ராமுத்தாய் அவனோடு சேர்ந்து மண் மிதித்தாள், அச்சுப் பிடித்தாள். “இது பூரா என் வீட்டுக் கல்லு. ஒரே ஒரு ரூம்பு போதும். அதுல மழைக்குன்னு ஒரு ஏனத்தக்கூட வைக்க மாட்டேன். யாராச்சும் கல்லுக் கேட்டு வந்தா என்னையப் பாக்கச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டாள். ஊரில் எவனுக்கும் அவளைப் போய்ப் பார்க்கத் தைரியமில்லை.

அவர்கள் கல் அறுத்தது சாலைக்கு அந்தப் பக்கம், பக்ருதீன் பாயின் தரிசுப் புஞ்சையில். பாய் பேகம்பூர்க்காரர், தோல் ஷாப் வைத்து ஆட்டுத் தோல் பதனிடுகிறவர். மண்ணை எடுத்தால் பள்ளம் விழும், பள்ளம் விழுந்தால் பிற்பாடு குட்டையாக்கிக்கொள்ளலாம் என்று சும்மாவே வெட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார். பங்குனி முடிவதற்குள் கல் அறுத்துக் காய்ந்து, வரிசை வரிசையாக அடுக்கி நின்றது. இனி விறகு சேர்த்துக் காளவாசல் போட்டுச் சுட வேண்டியதுதான் பாக்கி. அதுவரைக்கும் அது பச்சைக்கல். ஒரு பாட்டம் மழை விழுந்தால் கல் மறுபடி மண்ணாகிப் படுத்துவிடும்.

அதாவது அந்தச் சித்திரையில், ஊத்துப்பட்டியில் மழை வேண்டாம் என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர்தான். அது ஊருக்குத் தெரிந்துபோனது.

“காளவாசக்காரன் மழையக் கட்டிப்புட்டான்,” என்று டீக்கடையில் பேச்சு வந்தது. கல் அறுக்கிறவர்கள் புதுச்சட்டியைக் கவிழ்த்துவைத்து மந்திரித்தால் மழை நின்றுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நாட்டாமை கண்ணுசாமி இரண்டு ஆளைப் புஞ்சைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். அவர்கள் போனபோது ராமுத்தாய் மத்தியானக் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். வேறென்ன சாட்சி வேண்டும்.

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. கண்ணுசாமிக்குச் சாலைக்கு இந்தப் பக்கம் முக்கால்வாசி நிலம். ஊரிலேயே தண்ணீர் மிச்சமிருந்த கிணறு அவருடையதுதான். ஆகவே அவர் பேசினால் மற்றவர்கள் பேச மாட்டார்கள்.

“கொடும்பாவி இழுக்கணும். வேற வழியில்ல,” என்றார்.

கொடும்பாவி என்றால் ஊர்ப் பாவத்தையெல்லாம் ஒரு வைக்கோல் பொம்மைக்குள் அடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதைக் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுப்பது. பெண்கள் பின்னால் மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டு போவார்கள். கடைசியில் சுடுகாட்டில் வைத்து எரிப்பார்கள். பாவி ஒழிந்தால் மழை வரும். அதெல்லாம் சரி, பாவியானாலும் செத்தால் கொள்ளி வைக்கப் பிள்ளை வேண்டுமே. அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆளை ஊர் பொறுக்கும். அவன் தலையும் மீசையும் மழித்துக்கொண்டு, கொள்ளிக்குடம் சுமந்து, பெற்ற தகப்பனுக்கு அழுகிற மாதிரி அழ வேண்டும். பிள்ளை எவ்வளவு அழுகிறானோ அவ்வளவு மழை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

“மூக்கையாதான் பிள்ளை,” என்றார் கண்ணுசாமி. “மழையக் கட்டலேன்னு சொல்றான்ல? அப்ப அழுது காட்டட்டும்.”

“எனக்கு அம்புட்டா அழுக வராதுங்களே அய்யா,” என்றான் மூக்கையா.

“வராட்டி நீதான் கட்டியிருக்கன்னு அர்த்தம். கட்டுனவனுக்கு இந்த ஊருல எடமில்ல.”

மூக்கையா நேராக என் வீட்டுக்கு வந்தான். மீசையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நல்ல மீசை, அவனிடம் இருந்ததில் உருப்படியான சொத்து அதுதான்.

“மச்சான், நான் நல்லா அழுதா மழ வந்து கல்லு போயிரும். அழுகாட்டி ஊர விட்டே தள்ளிருவாய்ங்க. இப்ப நான் எப்பிடி அழுகட்டும்?”

“நடுத்தரமா அழு,” என்றேன். வேறு யோசனை எனக்குத் தோன்றவில்லை.

கூடவே வந்திருந்த ராமுத்தாய், “கையால மூஞ்சிய மூடிக்கிட்டுத் தோளக் குலுக்குங்க. கண்ணுல தண்ணி வருதான்னு எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?” என்றாள். அவள் சொன்னதுதான் சரியென்று முடிவானது.

கொடும்பாவிக்குச் சட்டை கொடுக்க ஊரில் யாரும் முன்வரவில்லை. நம் சட்டையைப் போட்டால் பாவம் நம்முடையது என்று ஆகிவிடுமே. கடைசியில் எங்கிருந்தோ ஒரு கிழிந்த போலீஸ் சட்டை வந்தது, எல்லோருக்கும் திருப்தி. முகத்தை மண்ணில் பிடிக்க வேண்டிய வேலையும் மூக்கையா தலையில் விழுந்தது. வாழ்நாள் பூராவும் நாலு மூலை உள்ள பொருளைத் தவிர வேறெதையும் செய்து பழகாதவன். அவன் பிடித்த முகமும் நாலு மூலையோடு, கண் வைத்த செங்கல்லாக வந்து நின்றது. ஊரே கூடிப் பார்த்தது. “பாவிதானே, இப்பிடித்தான் இருப்பான்,” என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்கள்.

ஊர்வலம் நன்றாகவே நடந்தது. ஒப்பாரிக்கு ஒச்சாயி. சுற்றுப்பட்டிச் சாவுகளுக்கெல்லாம் வண்டி வைத்துக் கூட்டிப்போகிற தொண்டை அவளுக்கு. அவள் பாட, பெண்கள் அழ, கொடும்பாவி புழுதியில் இழுபட்டுக்கொண்டு போனான். முன்னால் மொட்டைத் தலையும் வழித்த உதடுமாக மூக்கையா குடத்தைச் சுமந்து நடந்தான். யோசனைப்படி அவ்வப்போது ஒரு கையால் முகத்தை மூடித் தோளைக் குலுக்கினான். ஒச்சாயி அதைக் கவனித்துவிட்டாள்.

“இவன் என்ன, சிரிக்கிறானா அழுகுறானா?” என்று ஒப்பாரிக்கு நடுவிலேயே கேட்டாள். கண்ணுசாமி திரும்பி முறைத்தார்.

எங்கள் சுடுகாடு ஒரு மேட்டில் இருக்கிறது. அங்கே ஏறினால் சாலைக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரியும். மூக்கையா குடத்தோடு ஏறி, கொள்ளி வைக்கத் திரும்பினான். பாயின் புஞ்சையில் அவன் கல் முழுவதும் வெயிலில் வரிசையாக நின்றது. ராமுத்தாயின் ரூம்பு அப்படியே படுத்துக்கிடக்கிற மாதிரி இருந்தது, எழுப்பி நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. அதற்குப் பின்னால் மேற்கே, மலைக்கு மேலே, அதுவரை இல்லாத ஒரு கருப்பு மேகம்.

மூக்கையா அழுதான்.

அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குடத்தைக் கீழே போட்டான். மண்ணில் விழுந்தான். “போச்சே, எல்லாம் போச்சே,” என்று மேட்டில் கையை அடித்துக்கொண்டு அழுதான். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒச்சாயி தன் தொழிலில் யாரும் தன்னை மிஞ்சியதில்லை என்று நினைத்திருந்தவள், முடியை அள்ளி முடிந்துகொண்டு ஒதுங்கி நின்றாள். “பெத்த அப்பனுக்கே இவன் இப்பிடி அழுகலையே,” என்று யாரோ சொன்னார்கள். கண்ணுசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் அழாதவள் ராமுத்தாய் ஒருத்திதான். அவளும் அந்த மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளித்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் காற்று எழுந்தது. ஊர் முழுக்க அண்டா, குண்டான், தொட்டி எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தது. இடி இடித்தது. வந்தது மழை.

சாலைக்கு அந்தப் பக்கம்.

நாங்கள் எல்லோரும் சாலை ஓரத்தில் போய் நின்றோம். எதிரே பாயின் புஞ்சையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் காலடியில் புழுதி பறந்தது. சாலைக்குக் குறுக்கே கை நீட்டியவர்களுக்கு விரல் நுனி நனைந்தது. ஒச்சாயி பொறுக்கமாட்டாமல் சாலையைத் தாண்டிப் போய் முழுக்க நனைந்துவிட்டு, திரும்பி வந்து முடியை உதறிக்கொண்டு, “நல்ல மழைதான்,” என்று சொன்னாள். செம்பட்டியிலிருந்து வந்த பஸ் சொட்டச் சொட்ட வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி எங்கள் கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்து, “ஏன், இங்க பெய்யலையா?” என்று கேட்டான். அவனை யாராவது அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

மூக்கையாவும் ராமுத்தாயும் மழைக்குள் ஓடி, கல்லை மூட வைத்திருந்த பனையோலைத் தட்டிகளைப் பிடிக்கப் பார்த்தார்கள். காற்று தட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு தட்டி எங்கள் பக்கம் வந்து கண்ணுசாமியின் காலடியில் விழுந்தது. எங்கள் ஊருக்கு அந்த மழை கொடுத்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மறுபடி வேப்பமரத்தடி. மூக்கையா மொட்டைத் தலையோடு நடுவில் நின்றான். கல் எல்லாம் ஒரே சேறாகிக் கிடந்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஊரு வைக்கோலு, ஊரு கயிறு, ஊருப் பொம்பளைக தொண்ட,” என்றார் கண்ணுசாமி. “மழ மட்டும் ஒன் கல்லு மேலயா? எங்க மழையத் தூக்கிட்டுப் போயிட்டியேடா.”

நேற்றுவரை மழையைக் கட்டிப்போட்டவன், இன்றைக்கு மழையைத் திருடினவன் ஆகிவிட்டான். அநியாயம்தான். ஆனால் நானும் வாசலில் அண்டா வைத்து ஏமாந்தவன்தான், அதனால் பேசவில்லை.

அந்த நேரத்தில் பக்ருதீன் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். புஞ்சையைப் பார்க்க வந்தவர், கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். விவரம் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அட, இதுக்கா பஞ்சாயத்து? நாங்க தோலக் காயப்போட்டா மழ வரும். இவன் கல்லக் காயப்போட்டா மழ வரும். வெயில்ல காயப்போட ஒண்ணு வச்சிருக்கவன் வாசலுக்குத்தான் அது வரும். ஒங்களுக்கு மழ வேணும்னா எதுக்குக் கொடும்பாவி? நாலு பச்சைக்கல்ல அறுத்துப் போடுங்க. தேடிக்கிட்டு வரும்.”

பாய் மேலும் கொஞ்சம் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது.

கண்ணுசாமி எழுந்து நின்றார். “நேத்து மழ எங்க பேஞ்சுச்சு? பச்சைக்கல்லு இருந்த எடத்துல. எங்க பெய்யல? பச்சைக்கல்லு இல்லாத எடத்துல.” இரண்டும் உண்மை. அதை மறுக்க ஊரில் ஆளில்லை. “ஏலே மூக்கையா, இன்னிக்கே நம்ம கம்மாய்க்குள்ள கல்லு அறுக்க ஆரம்பி. மண்ணு சும்மா எடுத்துக்க.”

மூக்கையா திகைத்துப்போய்ப் பாயைப் பார்த்தான். பாய் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ராமுத்தாய் கூட்டத்துக்குள் வந்தாள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. முதல் நாள் ராத்திரி இரண்டு பேரும் ஒரு வாய் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

“மண்ணு மட்டும் போதுமாங்க அய்யா? இவரு ஒருத்தரு அறுத்தா மழ இவருக்குத்தான வரும். நேத்துப் பாத்தீகள்ல. ஊருக்கு வரணும்னா ஊரே அறுக்கணும்.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பிறகு தலைகள் ஆடின. அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

“தண்ணிக்கு?” என்றாள்.

“என் கெணத்துல எறச்சுக்க,” என்றார் கண்ணுசாமி. வறட்சி ஆரம்பித்த நாளிலிருந்து அவர் யாருக்கும் சொல்லாத வார்த்தை அது.

“கரஞ்சுபோற கல்லு மழைக்கு. அதுல நான் பங்கு கேக்கல. கரையாம மிஞ்சுற கல்லு எனக்கு. சுட வெறகும் ஊருதான் தரணும்.”

“ஒரு கல்லு மிஞ்சாது பாரு,” என்று சொல்லிவிட்டு, “சரி, சுட்ட கல்லு ஒனக்கு, பச்சைக்கல் மழைக்கு,” என்று பிள்ளையாரைப் பார்த்துச் சொன்னார் கண்ணுசாமி. பிள்ளையாருக்கு முன்னால் சொன்னால் எங்கள் ஊரில் மாற்ற முடியாது.

விவசாயம் இல்லாமல் ஊரே சும்மா இருந்த காலம். அடுத்த நாளிலிருந்து கம்மாய்க்குள் திருவிழாதான். ஆண்கள் மண் வெட்டினார்கள், பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். கண்ணுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் மிதித்தார். தன் மேல் மழை பெய்ய வேண்டும் என்ற ஆசையில் ஒவ்வொருவனும் தன் வயலுக்குப் பக்கத்தில் கல்லை அடுக்கச் சொன்னான். எனக்கும் ஒரு வரிசை என் வெண்டைக்குப் பக்கத்தில் கிடைத்தது. அதற்காக நான் மூக்கையாவின் மச்சான் என்ற உறவைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொண்டேன்.

மூக்கையா அச்சோடு நடுவில் நின்று சொல்லிக்கொடுத்தான். முதல் நாள் ஊர் அறுத்த கல் மூக்கையா பிடித்த கொடும்பாவியின் முகம்போலக்கூட வரவில்லை. போகப் போகக் கை பழகியது.

வைகாசி வெயில் காய்ந்தது. கல்லும் காய்ந்தது. மேகம் மட்டும் வரவில்லை.

“என்னம்மா இது?” என்று கண்ணுசாமி ராமுத்தாயிடம் கேட்டார். அதற்குள் ஊரில் மழை சம்பந்தமான கேள்விகள் அவளிடம் போக ஆரம்பித்திருந்தன.

அவள் ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். “நல்லாக் காஞ்சிருச்சுங்க அய்யா. காஞ்ச கல்ல மழ எதுக்குத் தேடி வரப்போகுது? இத எடுத்துச் சுட்டுட்டு, ஈரக்கல்லு புதுசா அறுத்து வைக்கணும்.”

அதுவும் நியாயமாகப் பட்டது. கம்மாய்க் கருவேல மரங்களை வெட்டி விறகு வந்தது. காளவாசல் அடுக்கித் தீ வைத்தார்கள். புகை எழும்பியபோது, இது மேலே போய் மேகமாகும் என்று யாரோ சொல்ல, இன்னும் நாலு வண்டி விறகு தானாக வந்து விழுந்தது. மூக்கையாவின் ஆயுசில் அவ்வளவு நன்றாக வெந்த கல் கிடையாது. தட்டினால் வெண்கலச் சத்தம் கேட்டது.

ஆனியில் புதுக்கல் அறுத்தோம். ஆடிக் காற்று அடித்தது. அந்தக் காற்றைப் போலக் கல்லைக் காய வைக்க வேறெதுவும் இல்லை. மறுபடியும் சுட வேண்டியதாயிற்று. ஆவணியில் ஒரு நாள் நான் ராமுத்தாயைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

“தங்கச்சி, நெசமாச் சொல்லு. பச்சைக்கல்லுக்கு மழ வரும்னு நீ நம்புறியா?”

“அண்ணே, எங்க வீட்டுக்காரரு அறுத்துச் சுடுறதுக்கு முன்னாடி ஒரு தூத்தலாச்சும் வராத வருசமே கெடையாது. இந்த வருசம்தான் வரல,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “வந்துறக் கூடாதுண்ணே. இன்னும் ஒரு சுவருதான் பாக்கி,” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. பயம்தான் இருந்தது.

புரட்டாசியில் சுவர் நாலும் நின்றது. மிஞ்சிய கல்லைப் பாய் தன் தோல் ஷாப்புக்கு எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஓடு ஏற்றி அனுப்பினார். யோசனை சொன்ன குற்றத்துக்காக அவர் தானாகக் கொஞ்சம் ஓடு கூடுதலாக வைத்தார் என்று நினைக்கிறேன். கூரையில் கடைசி ஓடு வைத்துவிட்டு மூக்கையா இறங்கியபோது மீசை முழுக்க வளர்ந்திருந்தது. கம்மாய்க்குள் ஊர் அறுத்த கடைசிப் பச்சைக்கல் ஈரத்தோடு அடுக்கியிருந்தது.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் சிறுமலை காணாமல் போனது. அது இருந்த இடத்தில் கருப்பாக ஒன்று எழும்பி, வயல்களைக் கடந்து, எங்கள் ஊருக்கு வந்து கொட்டி, அதோடு நிற்காமல் சாலையையும் தாண்டியது. மழை திண்டுக்கல்லில் பெய்தது, செம்பட்டியில் பெய்தது, பச்சைக்கல்லைக் கண்ணால் பார்க்காத ஊர்களிலெல்லாம் பெய்தது.

“ஐப்பசியில மழ பெய்யிறது வழக்கந்தான,” என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

“அப்ப போன ஐப்பசியில ஏன் பெய்யல?” என்று கேட்டார் கண்ணுசாமி. போன ஐப்பசியில் ஊர் கல் அறுக்கவில்லை.

எல்லோரும் கம்மாய்க் கரையில் நின்று, தாங்கள் அறுத்த கல் கரைகிறதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். அதிலும் நான் அடுக்கிய வரிசை முதலில் கரைந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆனால் கல் கரைந்து முடிந்த நேரம் பார்த்து மழை தூறலாகக் குறைந்தது. ஊரின் முகம் மாறியது.

“மூக்கையா எங்க?” என்றார் கண்ணுசாமி.

கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊரே அவன் புது வீட்டு வாசலுக்குப் போனது. மூக்கையா கதவைத் திறந்தான்.

“செத்த நேரம் அழு மூக்கையா. அன்னிக்கி மேட்டுல அழுதேல்ல, அதே மாதிரி. கம்மாய் பாதிதான் நெறஞ்சிருக்கு.”

மூக்கையா முயற்சி செய்தான். முகத்தைச் சுருக்கினான். செத்துப்போன தகப்பனை நினைத்திருப்பான், மழித்த மீசையை நினைத்திருப்பான். பிறகு அண்ணாந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. அவன் முகம் தானாகச் சிரித்துவிட்டது. “மன்னிச்சுக்கங்க அய்யா, வர மாட்டேங்குது,” என்றான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. ஒச்சாயி முதலில் காதைத் தீட்டினாள். அவளுக்குத் தெரியாத அழுகையா. “இது யாரு?” என்றாள்.

நான் உள்ளே போனேன். ராமுத்தாய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

“என்ன தங்கச்சி, பொகையா?”

இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“ஒண்ணுமில்லண்ணே,” என்றாள். “இம்புட்டுக் காலமா எனக்குப் பதிலா கூரை அழுதுச்சு. இன்னிக்கு அது நிறுத்திருச்சு.”

வெளியே மழை மறுபடி வலுத்தது. வாசலில் கண்ணுசாமி தாழ்ந்த குரலில், “யாரும் சமாதானஞ் சொல்லாதீக. அழுகட்டும்,” என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரும் சொல்லவில்லை. நடுவீட்டில் ஒன்றும் வைக்காத தரை காய்ந்து கிடந்தது. சோற்றுப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.